மெர்ல் ஓபரான்: இரண்டு ஊர்களில் பிறந்த நடிகை

மெர்ல் ஓபரான் (பிப்ரவரி 19, 1911 – நவம்பர் 23, 1979) 1930களிலும் 40களிலும் பிரிட்டிஷ், அமெரிக்கத் திரையுலகில் பெயர்பெற்ற நடிகை. ‘வதரிங் ஹைட்ஸ்’ (1939) படத்தின் கேத்தியாகத்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் போட்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த சினிமாப் பத்திரிகைகளைப் புரட்டினால், பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா என்றிருக்கும். பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினால் பம்பாய் என்றிருக்கும். பதிவேடு சொல்வதுதான் உண்மை.

பிறந்தபோது வைத்த பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ’பிரையன் தாம்சன். வீட்டில் ‘குவீனி’. தந்தையாகப் பதிவானவர் ஆர்தர் தாம்சன், இங்கிலாந்தின் டார்லிங்டனிலிருந்து வந்து இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த பொறியாளர். முதல் உலகப் போரின்போது அவர் இறந்துபோனார். குவீனியை வளர்த்தவர் சார்லட் செல்பி. இலங்கையைச் சேர்ந்த பறங்கியர் சமூகத்துப் பெண். மாவோரிக் கலப்பும் உண்டு என்பார்கள். சார்லட்டைத்தான் குவீனி கடைசிவரை அம்மா என்று அழைத்தார். ஆனால் சார்லட் அவருக்குப் பாட்டி. பெற்ற தாய், சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். குழந்தை பிறந்தபோது கான்ஸ்டன்ஸுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. மானம் போகாமல் காக்க, பேத்தியை மகளாக்கி, மகளை அக்காவாக்கிவிட்டார் சார்லட். மெர்ல் ஓபரானின் வாழ்க்கையில் நிகழ்ந்த முதல் வேடமாற்றம் இது. அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

1917இல் பாட்டியும் பேத்தியும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெயர்பெற்ற லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. ஆனால் உடன்படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவருடைய கலப்புப் பிறப்பைச் சொல்லிக் கேலி செய்தார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டிலேயே பாடம் கற்றார். அன்றைய ஆங்கிலோ இந்தியர் சமூகத்தின் நிலை அப்படி. நம் ஊரில் ‘சட்டைக்காரர்’ என்று விலக்கிவைத்துப் பேசினார்கள், வெள்ளையர் கிளப்பிலும் உள்ளே விடமாட்டார்கள். ரயில்வே, தந்தி, தொலைபேசி போன்ற சில துறைகளில் அவர்களுக்கு வேலை கிடைக்கும், அவ்வளவுதான். குவீனி தாம்சனுக்கும் வாய்த்தது டெலிபோன் ஆபரேட்டர் வேலைதான். மாலை வேளைகளில் சௌரங்கியில் இருந்த ஃபிர்ப்போஸ் உணவு விடுதி, வார இறுதியில் அமெச்சூர் நாடகக் குழு. இருபது வயதை எட்டும் முன்பே எப்படியாவது கப்பல் ஏறிவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

இந்த இடத்தில் இன்னொரு டெலிபோன் ஆபரேட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே 1920களில் ரூபி மையர்ஸ் என்ற பாக்தாதி யூதப் பெண் தொலைபேசி நிலைய வேலையிலிருந்து சினிமாவுக்கு வந்து, ‘சுலோச்சனா’ என்ற பெயரில் இந்திய மௌனப் படங்களின் பெரும் நட்சத்திரமானார். ரெனி ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் ‘சீதா தேவி’ ஆனார். குடும்பப் பெண்கள் சினிமாவில் நடிக்கத் தயங்கிய அந்தக் காலத்தில், இந்தியச் சமூகக் கட்டுப்பாடுகளுக்கு வெளியே இருந்த இவர்கள் ஆங்கிலப் பெயரைக் கழற்றிவிட்டு இந்தியப் பெயரை மாட்டிக்கொண்டார்கள். குவீனி தாம்சனும் பம்பாய்க்கே போயிருந்தால் ஒரு தேவியாகவோ குமாரியாகவோ ஆகியிருக்கலாம். அவர் எதிர்த்திசையில் போனார்.

கல்கத்தாவில் பழக்கமான ஒரு ராணுவ அதிகாரி, பிரான்சில் படம் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் ரெக்ஸ் இங்ராமிடம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் கறுத்த சார்லட்டைப் பார்த்ததும் உறவை முறித்துக்கொண்டார். ஆனாலும் இங்ராமின் காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். நீஸ் நகர ஸ்டூடியோவில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வாய்ப்பு கிடைத்தது. அங்கிருந்து லண்டன். ‘கஃபே டி பாரி’ கேளிக்கை விடுதியில் விருந்தினரை உபசரிக்கும் வேலையும், ஒன்றிரண்டு நிமிடம் தலைகாட்டும் படங்களுமாகச் சில வருடங்கள் ஓடின.

திருப்பத்தை உண்டாக்கியவர் அலெக்ஸாண்டர் கோர்டா. அவரே ஒரு வந்தேறி. ஹங்கேரி கிராமம் ஒன்றில் பிறந்த யூதர், இயற்பெயர் வேறு. பிரிட்டிஷ்காரர்களைவிட அதிகமாக பிரிட்டிஷ் தோரணையைக் கைக்கொண்டவர். ஆள் மாற்றும் கலை அவருக்குச் சொந்த அனுபவம். ‘ஓ’பிரையன்’ என்பதைச் சற்றுத் திருகி ‘ஓபரான்’ ஆக்கினார்கள். பிறந்த ஊரையும் மாற்றியாக வேண்டும். டாஸ்மேனியா தேர்வானதற்குக் காரணம் எளிது. அது பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்தது, வெள்ளையர் ஊர் என்று பெயரெடுத்திருந்தது, லண்டனிலிருந்து யாரும் போய் விசாரிக்க முடியாத தொலைவிலும் கிடந்தது. ஹோபார்ட்டில் பிறந்தார், ராணுவ அதிகாரியான அப்பா வேட்டையில் இறந்தார், அதன்பின் இந்தியாவில் செல்வாக்கான உறவுகள் வளர்த்தார்கள் என்று கதை தயாரானது. பேச்சில் எங்காவது கல்கத்தா வாசனை அடித்தால் கடைசி வரி காப்பாற்றும். ஏற்பாடு பழுதில்லாதது.

கோர்டா எடுத்த ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII’ (1933) படத்தில் தலை வெட்டப்படும் ராணி ஆன் பொலினாக வந்தார். படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான். வாளுக்குக் கழுத்தைக் கொடுக்கும் முன் தலையலங்காரத்தைச் சரிசெய்துகொள்ளும் அந்தச் சில நிமிடங்கள் ரசிகர்களுக்குப் போதுமானதாக இருந்தன. நாயகன் சார்ல்ஸ் லாட்டனுக்கு ஆஸ்கரும், பிரிட்டிஷ் சினிமாவுக்கு அமெரிக்கச் சந்தையும், ஓபரானுக்கு ஒப்பந்தமும் கிடைத்தன. அடுத்த ஆண்டில் ஸ்பானிய நடனக்காரி, ‘தி பேட்டில்’ படத்தில் ஜப்பானியப் பிரபுவின் மனைவி, ‘தி ஸ்கார்லெட் பிம்பர்னல்’ படத்தில் லெஸ்லி ஹோவர்டுக்கு ஜோடி என்று வேடங்கள் வந்தன. கவனித்தால் ஒன்று தெரியும். எந்த நாட்டுப் பெண்ணாகவும் அவரை நடிக்கவைத்தார்கள், பிறந்த நாட்டுப் பெண்ணாக மட்டும் நடிக்கவிடவில்லை.

இதே கோர்டா நிறுவனம்தான் சில ஆண்டுகள் கழித்து மைசூர் சமஸ்தான யானைக் கொட்டிலில் வளர்ந்த சாபு என்ற சிறுவனைக் கண்டெடுத்து, ‘எலிஃபன்ட் பாய்’ (1937) படத்தின் நாயகனாக்கியது. சாபுவின் இந்தியத்தன்மை சுவரொட்டியில் விற்கப்பட்டது. ஓபரானின் இந்தியத்தன்மை பெட்டியில் பூட்டப்பட்டது. தலைப்பாகை கட்டிய சிறுவனுக்குத் திரையில் இடம் உண்டு, வெள்ளைக்கார நாயகனை முத்தமிடும் நாயகிக்கு அந்த இடம் கிடையாது.

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்திருந்தால் ஓபரானைப் போலிக் கௌரவக்காரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் போய் இறங்கிய அமெரிக்காவின் சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1917ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியினருக்குக் கதவை அடைத்திருந்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியுள்ள ‘வெள்ளையர்’ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு ஓரங்குலம் திறந்ததே 1946இல்தான், அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கு. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள் கலப்பினக் காதலைத் திரையில் காட்டத் தடைபோட்டன. சீன வம்சாவளி நடிகை ஆன்னா மே வாங் அமெரிக்காவிலேயே பிறந்தவர், திறமைக்கும் குறைவில்லை. ஆனாலும் ‘தி குட் எர்த்’ படத்தில் சீன நாயகி வேடம் ஒரு வெள்ளை நடிகைக்குத்தான் போனது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஓபரானுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக அவரை ஆங்கிலேயக் கிராமத்துப் பெண்ணாக மாற்றினார்கள். முந்தைய படங்களின் மைதீட்டிய கீழைநாட்டுக் கண்கள் போய், துடைத்துவிட்டாற்போன்ற முகம் வந்தது. கதை இன்று பார்க்கையில் வேறொரு அர்த்தம் தருகிறது. போரில் கண்ணிழந்த காதலன், அதைக் காதலியிடமிருந்து மறைப்பதற்காக அறையில் ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, பார்வை உள்ளவன்போல் நடிக்கிறான். எதிரே நிற்கும் காதலி ஓபரான். ஒளிப்பது எப்படி என்று அந்த அறையில் யாருக்கு அதிகம் தெரிந்திருக்கும்? 1936 மார்ச்சில் நடந்த விழாவில் பரிசு பெட்டி டேவிஸுக்குப் போனது. ஆசியாவில் வேர் கொண்ட ஒரு பெண் அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்றது அதுவே முதல்முறை. விழாவில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. 2023இல் மலேசியாவில் பிறந்த மிஷெல் இயோ அந்த விருதை வென்றபோது, அவர் ஆசியரில் முதலாவதாகப் பரிந்துரைக்கப்பட்டவரா இல்லையா என்று பத்திரிகைகள் குழம்பின. ‘தன்னை ஆசியர் என்று அறிவித்துக்கொண்டவர்களில் முதலாமவர்’ என்று சில பத்திரிகைகள் எழுதின. அந்தச் சுற்றிவளைப்பு முழுக்க ஓபரானுக்காக.

லண்டன் வீட்டில் சார்லட்டும் உடன் இருந்தார். ஆங்கிலேய நண்பர்கள் வரும்போது அவரைப் பணிப்பெண் என்று அறிமுகப்படுத்தினார் மெர்ல். 1937இல் சார்லட் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து ‘அம்மாவின்’ ஓவியம் வரையச் சொன்னார் ஓபரான். தோலின் நிறத்தை மட்டும் வெளுப்பாக்க வேண்டும் என்பது ஓவியருக்கு இட்ட கட்டளை. அந்த வெள்ளைச் சார்லட் ஓபரான் குடியிருந்த வீடுகளிலெல்லாம் சுவரில் மாட்டப்பட்டார். வேலைக்காரியாக மறைத்தது ஊருக்குப் பயந்து. செத்தவரின் படத்தையும் மாற்றச் சொன்னது யாருக்குப் பயந்து என்பதுதான் விளங்கவில்லை.

அதே 1937இல் ‘ஐ, க்ளாடியஸ்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் கார் விபத்தில் சிக்கினார். முகத்தில் காயம். ஏற்கெனவே இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க்குக்கும் லாட்டனுக்கும் ஒத்துப்போகாமல் தள்ளாடிக்கொண்டிருந்த படம் அத்தோடு கைவிடப்பட்டது. விபத்தைக் காட்டிக் கோர்டா கழன்றுகொண்டார் என்று சொல்பவர்களும் உண்டு. எடுத்த காட்சிகள் பெட்டியில் கிடந்து, 1965இல் பிபிசி ஆவணப்படமாக வெளிவந்தன. 1939இல் கோர்டாவைத் திருமணம் செய்துகொண்ட ஓபரான், 1942இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்ததும் ‘லேடி கோர்டா’ ஆனார். கல்கத்தாவில் ‘ஹலோ, என்ன நம்பர் வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு இது சிறிய தூரமல்ல.

‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லியம் வைலர் இயக்கிய இந்தப் படம் எமிலி பிரான்டியின் நாவலில் ஏறக்குறைய முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. யார்க்‌ஷயர் பொட்டல்வெளியாகக் கலிஃபோர்னியாக் குன்றுகளைக் காட்டியது. ஹீத்க்ளிஃபாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர், தன் காதலி விவியன் லீதான் கேத்தியாக நடிக்க வேண்டும் என்று விரும்பினார். லீக்குக் கொடுக்க முன்வந்தது இரண்டாம் நாயகி வேடம். அவர் மறுத்துவிட்டு ‘கான் வித் த விண்ட்’ பக்கம் போய்ச் சரித்திரம் ஆனார். அந்தக் கோபம் ஒலிவியரிடம் தங்கிவிட்டது. காதல் வசனம் பேசும்போது முகத்தில் எச்சில் தெறிக்கிறது என்று ஓபரான் குறைசொன்னதும் படப்பிடிப்புத் தளமே ரெண்டுபட்டதாகச் சொல்வார்கள். பொட்டல்வெளியில் உருகி நின்ற காதலர்கள் கேமரா நின்றதும் முகம் திருப்பிக்கொண்டவர்கள் என்று தெரிந்து பார்த்தாலும் காட்சிகள் குறைவதில்லை. எட்டுப் பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படத்தில் நாயகிக்கு மட்டும் எதுவும் இல்லை.

இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. கேத்தி வேடத்துக்குப் போட்டியிட்ட இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள். விவியன் லீ 1913இல் டார்ஜிலிங்கில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தை என்பதால் அதை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இன்னொன்று, நாவலில் கறுத்த நிறத்தவனாக, எங்கிருந்து வந்தவன் என்று யாருக்கும் தெரியாத அநாதையாக வருபவன் ஹீத்க்ளிஃப். அவனுடைய தாய் இந்திய ராணியாக இருக்கலாமே என்று ஒரு பாத்திரம் சமாதானம்கூடச் சொல்லும். திரையில் அந்தக் கறுத்த அநாதை அசல் ஆங்கிலேயர். அவனைச் சிறுமைப்படுத்தும் வெள்ளைச் சீமாட்டியோ இலங்கைப் பாட்டி வளர்த்த பம்பாய்க்காரி. 1939இல் அரங்கில் இருந்த யாரும் இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காணவில்லை.

அழகு அவருக்கு மூலதனமாகவும் கடனாகவும் இருந்தது. தோலை வெளுக்கவைக்கும் களிம்புகளைத் தொடர்ந்து பூசினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1940இல் ஒப்பனைப் பொருள்களின் நச்சும் சல்ஃபா மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து முகத்தைப் பாதித்தன. நியூயார்க்கில் பலமுறை தோலைச் சுரண்டிச் சிகிச்சை செய்தும் குழிகள் முழுதாக மறையவில்லை.

அவற்றை மறைத்தது ஒரு விளக்கு. ‘தி லாட்ஜர்’ (1944) படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் ஒரு சின்னஞ்சிறு விளக்கைக் கேமராவின் லென்ஸுக்கு மிக அருகில் பொருத்தினார். தந்திரம் எளிது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் தோலின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நிழல் போடும். பார்க்கும் கண்ணின் நேர்க்கோட்டிலிருந்தே வெளிச்சம் போனால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கேமராவுக்குத் தெரியாது. தழும்பு மறையும், தோல் பளிச்சென்றாகும், கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம் நிற்கும். ‘ஓபரான்’ என்ற பெயரைச் சுருக்கி அதற்கு ‘ஓபி’ என்று பெயர் வைத்தார் பல்லார்ட். கோர்டாவிடம் விவாகரத்துப் பெற்ற ஓபரான், 1945இல் அந்த ஒளிப்பதிவாளரையே மணந்துகொண்டார். நான்கு ஆண்டுகளில் அந்த மணவாழ்வு முடிந்தது. பல்லார்ட் பிற்காலத்தில் ‘தி வைல்ட் பஞ்ச்’ (1969) போன்ற படங்களின் ஒளிப்பதிவாளராகப் பேரெடுத்தார். லென்ஸின் தலையில் உட்காரும் சின்ன விளக்கை ஒளிப்பதிவுக்காரர்கள் இன்றும் ‘ஓபி’ என்றுதான் சொல்கிறார்கள்.

நடிகையாக அவரை எப்படி எடைபோடுவது? பெரிய நடிகை என்று சொல்ல முடியாது. குரலில் ஏற்ற இறக்கம் குறைவு. கோபம் வந்தாலும் வார்த்தை ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டு வரும். எங்கே தவறி விழுந்துவிடுவோமோ என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பவரின் உச்சரிப்பு அது. ஆனால் ஏதோ ஒன்றை உள்ளே அழுத்திவைத்திருக்கும் பெண்களாக வரும்போது அந்த இறுக்கமே அவருக்குக் கைகொடுத்தது. வைலரின் ‘தீஸ் த்ரீ’ (1936) படத்தில் ஒரு சிறுமியின் பொய்யால் வாழ்க்கை குலையும் ஆசிரியையாக வருகிறார். அந்தப் படம்தான் அவருடைய திறமைக்கு நல்ல சான்று என்பேன். ‘எ சாங் டு ரிமெம்பர்’ (1945) படத்தில் ஆண் உடையில் திரிந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டாக வந்தார். பெண் ஒருத்தி ஆண் பெயரில் வாழ்ந்த கதை. ‘டெசிரே’ (1954) படத்தில் நெப்போலியனாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு ஜோசஃபினாக வந்தபோது மவுசு குறைந்திருந்தது.

1957இல் இத்தாலியத் தொழிலதிபர் புரூனோ பாலியாயை மணந்து மெக்சிகோவில் மாளிகை வாழ்க்கைக்குப் போனார். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார். 1973இல் ‘இன்டர்வல்’ என்ற படத்தைத் தானே தயாரித்து, தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரான ராபர்ட் வோல்டர்ஸுடன் நடித்தார். படம் ஓடவில்லை, வோல்டர்ஸை 1975இல் திருமணம் செய்துகொண்டார். ஓபரான் மறைந்தபின், ஆட்ரி ஹெப்பர்னின் கடைசிக் காலத் துணையாக இருந்தவரும் இதே வோல்டர்ஸ்தான்.

கட்டுக்கதை அதற்குள் ஒரு ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டாஸ்மேனியர்கள் தங்கள் ஊர்ப் பெண் ஹாலிவுட் ராணியானதை முழுமனதோடு நம்பினார்கள். உள்ளூர் விடுதியில் வேலை பார்த்த சீன வம்சாவளிப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைதான் மெர்ல் என்று தனிக்கதையே அங்கே உலவியது. 1978இல் ஹோபார்ட் நகர மேயர் வரவேற்பு ஏற்பாடு செய்தார். அவர் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது விழாவுக்குச் சற்று முன்புதான் மேயருக்குத் தெரியவந்தது. அழைத்தாகிவிட்டதே என்று விழாவை நடத்தினார்கள். விருந்தினரோ வந்த சிறிது நேரத்தில் தான் இங்கே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லை என்று விலகிக்கொண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள் காப்பாற்றிய கதையை, அது ‘நடந்த’ ஊரிலேயே நின்று தொடர அவரால் முடியவில்லை போலும். அப்போதும் பம்பாய் என்ற வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

பம்பாய் உறவினர் ஒருவர் தேடிவந்ததும் உண்டு. பின்னாளில் கான்ஸ்டன்ஸுக்கு நடந்த திருமணத்தில் பிறந்த மகன்களில் ஒருவர், பம்பாய் அரசு ஆவணங்களில் மெர்லின் பிறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்தார். அதுவரை சித்தி என்று எண்ணியிருந்த நட்சத்திரம், உடன்பிறந்த அக்கா என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்கே போய்ப் பார்க்க முயன்றார். ஓபரான் சந்திக்க மறுத்துவிட்டார்.

1979 நவம்பரில், 68ஆம் வயதில், கலிஃபோர்னியாவின் மாலிபுவில் பக்கவாதத்தால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘பிரின்சஸ் மெர்ல்’ (1983) என்ற வாழ்க்கை வரலாறு பூசணிக்காயைச் சோற்றிலிருந்து வெளியே எடுத்தது. கோர்டாவின் தம்பி மகன் மைக்கேல் கோர்டா இந்தக் கதையை ‘குவீனி’ (1985) என்ற நாவலாக்கினார். 2002இல் டாஸ்மேனியக் கட்டுக்கதையை ஆராயும் ‘தி ட்ரபிள் வித் மெர்ல்’ ஆவணப்படம் வந்தது. 2025இல் வெளியான மயூக் சென்னின் ‘லவ், குவீனி’, அவரை ஏமாற்றுக்காரியாகப் பார்க்காமல் ஹாலிவுட்டின் முதல் தெற்காசிய நட்சத்திரமாகப் பார்க்கிறது.

முதல்முறை பார்ப்பவர்கள் ‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தில் தொடங்க வேண்டாம். அங்கே ஒலிவியர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ‘தி லாட்ஜர்’ போதும். லண்டன் மூடுபனியும் இருட்டும் நிறைந்த படம் அது. ஓபரானின் முகம் நெருங்கி வரும்போது கண்ணின் கருமணியைப் பாருங்கள். அங்கே நிற்கும் அந்தப் புள்ளி வெளிச்சம்தான் ஓபி.